கிறிஸ்டியனா, ராக்கா? என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

சுஃப்யான் ஸ்டீவன்ஸ், பெட்ரோ தி லயன், மீ வித்தவுட் யூ, ஜூலியன் பேக்கர்னு இந்த அமெரிக்கப் பாடகருங்க, பேண்டுங்க பாட்டப் பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் கொஞ்ச நேரத்துல அதே சந்தேகம் தான் வந்து நிக்குது. சர்ச் யூத் பசங்க, காலேஜ் ஃப்ரெண்ட்ஸ், சித்தி, அம்மான்னு இத்தன வருஷமா கேட்டதெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே கீழ இருக்கு. சிலதுக்கு சின்ன பதில், சிலதுக்கு என்னால சின்னதா சொல்ல முடியல.

அண்ணே, இது கிறிஸ்டியன் பாட்டா, சாதா ராக் பாட்டா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தைல வராது தம்பி. அமெரிக்கால நாஷ்வில் ஊர மையமா வச்சு கிறிஸ்டியன் மியூசிக்னு தனியா ஒரு பெரிய வியாபாரமே இருக்கு, அதுக்குன்னு ரேடியோ, அதுக்குன்னு கடை, அதுக்குன்னு அவார்டு. நான் சொல்ற பேண்டுங்க அதுக்குள்ள முழுசா அடங்காதவங்க. சர்ச்சுல வளந்தவங்க, பைபிள் தெரிஞ்சவங்க, ஆனா பாட்டு எழுதும்போது ஆராதனைக்குன்னு எழுதாம தன் மனசுல என்ன இருக்கோ அத எழுதினவங்க. ஒரு நாள் சர்ச் ஹால்ல வாசிப்பாங்க, மறுநாள் பார்ல வாசிப்பாங்க, ரெண்டு இடத்துலயும் அதே பாட்டு தான்.

இவங்கள்ல நெறைய பேருக்கு இடம் குடுத்தது 1993ல ஆரம்பிச்ச டூத் அண்ட் நெயில்னு ஒரு சின்ன ரெக்கார்ட் கம்பெனி, பின்னாடி சியாட்டில்ல இருந்து நடந்துச்சு. இன்னொரு இடம் கார்னர்ஸ்டோன் திருவிழா, 1984ல இருந்து 2012 வரைக்கும் வருஷா வருஷம் நடந்துச்சு, அதுல பாதிக்கு மேல இல்லினாய்ல புஷ்னெல்ங்கிற சின்ன ஊர்ப் பக்கம், கூடாரம் அடிச்சு, புழுதில.

எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்? மூணு பாட்டு மட்டும் சொல்லு, லிஸ்ட் போடாத.

சுஃப்யான் ஸ்டீவன்ஸோட 'கேசிமிர் புலாஸ்கி டே'. பெட்ரோ தி லயனோட 'சீக்ரெட் ஆஃப் தி ஈஸி யோக்'. மீ வித்தவுட் யூவோட 'தி கிங் பீட்டில் ஆன் எ கோகனட் எஸ்டேட்'. மூணு பத்தியும் கீழ எழுதிருக்கேன், ஆனா மொதல்ல கேட்டுட்டு அப்புறம் படிங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

ஏம்ப்பா, இதுல ஆண்டவர் பேரே வரலியே, அப்புறம் எப்படி இது சாமி பாட்டு? (சித்தி)

சித்தி, எஸ்தர் புஸ்தகத்துல ஒரு எடத்துலயும் தேவன்ங்கிற பேர் கெடையாது, ஆனா அது பைபிள்ல தான் இருக்கு. பேர் வந்தா உள்ள, வரலன்னா வெளியன்னு ஒரு கோடு போட்டா நாம நெறைய எழந்துடுவோம். ஜார்ஸ் ஆஃப் கிளேங்கிற பேண்டுக்கு அந்தப் பேரே 2 கொரிந்தியர் 4ல வர்ற மண்பாண்டங்கள்ல இருந்து வந்தது. 'கிஸ் மீ'ன்னு ஒரு பாட்டு ஊரெல்லாம் கேட்டுச்சே, அதப் பாடின சிக்ஸ்பென்ஸ் நன் தி ரிச்சர் பேரும் சி.எஸ். லூயிஸ் சொன்ன ஒரு உவமைல இருந்து எடுத்தது. அப்பாவுக்குப் பரிசு வாங்க அப்பாகிட்டயே புள்ள ஆறு பென்ஸ் காசு கேக்குது, அவர் குடுக்குறார், பரிசும் வாங்கிக்கிறார், ஆனா அதனால அவருக்கு ஒரு காசு கூட லாபமில்ல. நாம ஆண்டவருக்குக் குடுக்குறதெல்லாம் அப்படித்தாங்கிறது அந்தக் கதை.

இதுக்கு நேரெதிராவும் நடந்திருக்கு. யூ2 பேண்ட் 1983ல போட்ட ஆல்பத்தோட கடைசிப் பாட்டு 40ஆம் சங்கீதம், பாட்டோட பேரே 'நாற்பது'. அத வச்சு தான் ரொம்ப வருஷம் கச்சேரிய முடிச்சாங்க, பேண்ட் ஒவ்வொருத்தரா மேடைய விட்டு எறங்கிப் போன பிறகும் சர்ச் பக்கமே போகாத ஜனங்க கூட அந்த வரிய பாடிக்கிட்டே நின்னுருக்காங்க.

ராக் மியூசிக் சாத்தானோடதுன்னு சர்ச் மெசேஜ்ல சொன்னாங்களே?

இந்தச் சண்டை ஐம்பது வருஷத்துக்கும் மேல பழசு. லேரி நார்மன்னு ஒருத்தர், தோள் வரைக்கும் வெள்ள முடி, 1969லயே இயேசுவப் பத்தி ராக் ஆல்பம் போட்டவர், நல்ல மியூசிக்கெல்லாம் பிசாசுக்கு எதுக்குன்னு கேட்டு ஒரு பாட்டே பாடிட்டார். அந்தப் பாட்டு இருக்குற 1972 ஆல்பம் 'ஒன்லி விசிட்டிங் திஸ் பிளானெட்'ட அமெரிக்காவோட காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியல்ல சேத்திருக்கு. எனக்கும் 17 வயசுல ஒருத்தர் என் கண் முன்னாடியே ஒரு சிடிய ஒடச்சுப் போட்டார், நல்லெண்ணத்துல தான் செஞ்சார், ஆனா அந்த சிடில இருந்தது முழுக்க ஜெபம்னு அவருக்குத் தெரியாது.

எனக்கு அந்த இங்கிலீஷ் காதுல ஏறவே மாட்டேங்குது, என்ன பண்ண?

மொத தடவ விட்டுடுங்க. ரெண்டாவது தடவ வரிய கைல வச்சுக்கிட்டு கேளுங்க. பைபிள் வசனம் மாதிரி எங்கயாவது தோணுச்சுன்னா நம்ம தமிழ் வேதாகமத்துல அத தேடிப் பாருங்க, நெறைய எடத்துல கண்டிப்பா கெடைக்கும். மீ வித்தவுட் யூவோட 2004 ஆல்பம் பேர் 'கேட்ச் ஃபார் அஸ் தி ஃபாக்ஸஸ்'. இது என்னடா நரிய புடிக்கச் சொல்றாங்கன்னு இருந்தேன், அப்புறம் உன்னதப்பாட்டு 2:15 தெறந்தா திராட்சத்தோட்டத்தக் கெடுக்குற குழிநரியும் சிறுநரியும் அங்க நிக்குது.

மச்சி, சுஃப்யான்னா முஸ்லிம் பேருல்ல?

அரபுல இருந்து வந்த பேர் தான், ஆனா அவர் முஸ்லிம் இல்ல. 1975ல டெட்ராய்ட்ல பொறந்தப்போ அவர் அப்பா அம்மா சுபுத்ங்கிற இந்தோனேசியால தொடங்கின ஒரு ஆன்மீக அமைப்புல இருந்தாங்க, பேர் அங்க இருந்து வந்தது. வளந்தது மிச்சிகன்ல, கிறிஸ்தவரா. 2004ல வந்த 'செவன் ஸ்வான்ஸ்' ஆல்பத்துல பேஞ்சோவும் மெல்லிய கொரலுமா மலைமேல இயேசு மறுரூபமானத ஒரு முழு பாட்டா பாடிருக்கார், கிட்டத்தட்ட வசனத்துக்கு வசனம்.

சுஃப்யானோட 'டு பி அலோன் வித் யூ' காதல் பாட்டா, ஆண்டவர் பாட்டா? முடிவா சொல்லுங்க.

நாம தமிழ்க்காரங்க இந்தக் கேள்விய கேக்கவே கூடாதுன்னு நெனைக்கிறேன். ஆண்டாள் யாரப் பாடினா? ஆழ்வாரும் நாயன்மாரும் தன்ன நாயகியா வச்சு பாடினாங்களே, அது காதலா பக்தியான்னு நாம பிரிச்சா பாத்தோம்? உன்னதப்பாட்டும் அப்படித்தான் பைபிள் நடுவுல ஒக்காந்திருக்கு. உன்கூட தனியா இருக்க ஏரிய நீந்திக் கடப்பேன்னு ஆரம்பிக்குற பாட்டு, பாதில சிலுவை மரத்துல ஏறினவர் ஒருத்தர நோக்கித் திரும்பிடுது. ரெண்டு பேரும் ஒரே ஆளா, வேற வேறயான்னு அவர் சொல்லல, எனக்கு சொல்ல வேண்டாம்னு தான் இருக்கு.

கேசிமிர் புலாஸ்கி டே ஒரு லீவு நாள் பேர் தானே, அதுக்கு ஏன் இவ்ளோ அழுகை?

லீவு நாள் தான். கேசிமிர் புலாஸ்கி அமெரிக்க விடுதலைப் போர்ல செத்த போலந்துக்காரர், சிகாகோ பக்கம் போலந்து வம்சாவளி ஜனம் அதிகம், அதனால இல்லினாய்ல மார்ச் மொத திங்கக்கிழமைய அவர் பேர்ல வச்சிருக்காங்க. பாட்டு 2005ல வந்த 'இல்லினாய்' ஆல்பத்துல இருக்கு. அதுல அந்தப் போர் வீரர் வரவே மாட்டார். ஒரு பொண்ணுக்கு எலும்பு புத்துநோய். அவமேல பிரியம் வச்சிருக்குற பையன் பாடுறான். அவ அப்பா போன்ல அழறார். செவ்வாய்க்கிழமை ராத்திரி பைபிள் ஸ்டடில எல்லாரும் கை தூக்கி அவளுக்காக ஜெபம் பண்றாங்க, ஒண்ணும் நடக்கல. அந்த லீவு நாள் காலைல அவ போயிடுறா, ஜன்னல்ல ஒரு செவப்புக் குருவி வந்து மோதுது. கொரல எங்கயும் ஒசத்தாம ஏதோ சாதாரண விஷயம் மாதிரி சொல்லிக்கிட்டே போறார், கடைசில டிரம்பெட் வருது.

என் அத்தை மகனுக்கு 19 வயசுல ரத்தப் புத்துநோய். 40 நாள் செயின் ஜெபம் வச்சோம், ஆளுக்கு ஒரு மணி நேரம், எனக்கு விடியக்காலை 3 மணி. அவன் போயிட்டான். அடக்கத்துல யோபு 1:21 வாசிச்சாங்க, கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம். எல்லாரும் ஆமென் சொன்னாங்க, எனக்கு வாய் வரல. வீட்டுக்கு வந்து எத்தன நாளோ யார்கிட்டயும் பேசல. அப்புறம் தான் ஒரு நாள் இந்தப் பாட்டோட முடிவ ஒழுங்கா கேட்டேன். எடுக்குறார், எடுக்குறார், எடுக்குறார்ங்கிறதோட நிக்குது. யோபு வசனத்தோட நடு வார்த்தை மட்டும். கொடுத்தாரும் இல்ல, ஸ்தோத்திரமும் இல்ல. நான் எந்த எடத்துல மாட்டிக்கிட்டு நின்னேனோ அதே எடத்துல ஒரு பாட்டும் நின்னுட்டு இருந்துச்சு.

ஆனா அதுக்கு சரியா முன்னாடி, தேவன் பண்ணின மகிமையெல்லாம்னு ஒரு வரி வருது, காலைல ஜன்னல்ல அவர் முகத்தப் பாக்குறேன்னும் வருது. அதையும் வெட்டிடாம பக்கத்துலயே வச்சிருக்கார். அதனால தான் இத கோவப்பாட்டுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

பெட்ரோ தி லயன் பாடுற டேவிட் பேசன் விசுவாசத்தையே விட்டுட்டாராமே, அப்புறமும் ஏன் அவரக் கேக்குறீங்க?

ஆமா, விட்டுட்டார், மறைக்கவும் இல்ல. அவங்க அப்பா சர்ச்ல இசைப் போதகர், அந்த வீட்டுல வளந்த புள்ள. 2009ல தன் பேர்லயே 'கர்ஸ் யுவர் பிராஞ்சஸ்'னு ஆல்பம் போட்டார், ஏதேன்ல இருந்து ஆரம்பிச்சு தேவன்கிட்ட நேருக்கு நேர் கணக்கு கேக்குற பாட்டுங்க. யாரும் இல்லன்னு நெனைக்கிற ஆள் இப்படி மல்லுக்கட்ட மாட்டான்னு எனக்குத் தோணும், ஆனா அது என் எண்ணம், அவர் வாய்ல அத நான் வைக்கக் கூடாது.

'சீக்ரெட் ஆஃப் தி ஈஸி யோக்' அதுக்கு 11 வருஷம் முன்னாடி, 1998ல வந்தது. என் நுகம் மெதுவாயும் என் சுமை இலகுவாயும் இருக்கிறதுன்னு மத்தேயு 11ல இருக்குல்ல, அந்த இலேசான நுகத்தோட ரகசியம் என்னன்னு கேக்குற பாட்டு. மணி அடிக்குது, சர்ச்ல எல்லாரும் சிரிச்ச முகமா கை நீட்டுறாங்க, இவனுக்கு உள்ள ஒண்ணும் அசையல, உம்ம எங்கயும் காணோமேங்கிறான். மிச்சம் இருக்குறது கடமை மட்டும்னா எனக்கு வேண்டாம்னு வேற சொல்றான். ஞாயித்துக்கிழமை ரெண்டாவது பெஞ்ச்ல ஒக்காந்துக்கிட்டு நான் இதே மாதிரி எத்தன வாரம் இருந்திருக்கேன்னு எனக்குத் தான் தெரியும். கடைசில பாட்டு அலைய அடக்கின இயேசு சொன்னதுக்குப் போயிடுது, இரையாதே, அமைதலாயிரு. அத திரும்பத் திரும்ப பாடுவார். அவர் அப்புறம் எங்க போனாலும் சரி, அந்த வார்த்தைய எனக்குள்ள விட்டுட்டுப் போனவர் அவர் தான்.

கிறிஸ்மஸுக்கு போட எதாவது இருக்கா?

லோ பேண்டோட 1999 கிறிஸ்மஸ் ஆல்பம், எட்டே பாட்டு. மினசோட்டால டுலுத் ஊரு, ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர்னு புருஷன் பொஞ்சாதி, ரெண்டு பேரும் மார்மன். மிமி 2022 நவம்பர்ல புத்துநோய்ல எறந்துட்டாங்க, அதுக்கப்புறம் அந்த ரெண்டு கொரலும் சேர்ற எடம் வந்தா நான் வேலைய நிறுத்திட்டு ஒக்காந்துடுவேன்.

மீ வித்தவுட் யூ பாட்டுல நம்ம தமிழ் ஆள் கதை இருக்குன்னு சொன்னீங்களே, நெசமாவா?

நெசம் தான், நானும் மொதல்ல நம்பல. பாவா முஹையத்தீன்னு ஒரு சூஃபி ஞானி, இலங்கைக்காரர், யாழ்ப்பாணத்துல ஆசிரமம் வச்சிருந்தார். 1971ல அமெரிக்கால பிலடெல்ஃபியாவுக்கு வந்தார். அங்க வெள்ளக்காரங்க, கறுப்பினத்தவங்க, யூதக் குடும்பத்துல பொறந்தவங்க எல்லாரும் சுத்தி ஒக்காந்திருக்க இவர் தமிழ்ல பேசுவார், பக்கத்துல ஒருத்தர் இங்கிலீஷ்ல மாத்திச் சொல்வார். 1986ல எறந்துட்டார், அடக்கமும் பென்சில்வேனியாலயே. அவர் வழில சூஃபியா மாறினவங்கள்ல ஒரு யூதக் குடும்பத்து அப்பாவும் எப்பிஸ்கோபல் சபை அம்மாவும் உண்டு, அவங்க பசங்க தான் மீ வித்தவுட் யூல பாடின ஏரன் வைஸும் கிட்டார் வாசிச்ச மைக் வைஸும். 2009 ஆல்பத்துக்கு எல்லாம் பைத்தியம், எல்லாம் பொய், எல்லாம் கனவு, பரவால்லன்னு அர்த்தம் வர்ற நீளமான பேர். அந்தப் பேரே பாவா சொன்னது, உள்ள இருக்குற சில பாட்டும் பாவா சொன்ன கதைங்க.

அதுல ஒண்ணு நரியும் காக்காவும். ஈசாப்ல அது பாலாடைக்கட்டி, நமக்கு வடை, இவங்களுக்கு குக்கி, பாட்டிக்குப் பதிலா தள்ளுவண்டில பலகாரம் விக்கிற ஒருத்தர். இன்னொண்ணு நான் மேல சொன்ன 'கிங் பீட்டில்'. தென்னந்தோப்புல வேலைக்காரங்க சருகு கூட்டி ராத்திரி எரிக்கிறாங்க. அந்த வெளிச்சம் என்னன்னு பாத்துட்டு வாங்கன்னு வண்டு ராஜா ஆள் அனுப்புறார். புரொஃபசர் வண்டு போயி றெக்க கருகி வந்து நுணுக்கமா விவரிக்குது, அந்தப் பேச்சுல ஒளியும் இல்ல சூடும் இல்ல. அடுத்து ராஜா ஒரு பத்மராகக் கல் மோதிரம் பரிசுங்கிறார், இலங்கைக்குப் பேர் போன கல்லு அது. தளபதி வண்டு போயி அதுவும் பொசுங்கித் திரும்புது. எப்படி இருந்துச்சுன்னா கேட்டேன், என்னன்னு தானே கேட்டேன்னு ராஜா கத்திட்டு, ராணிகிட்டயும் புள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டு, சொத்த ஏழைங்களுக்குக் குடுக்கச் சொல்லிட்டு, நேரா நெருப்புக்குள்ள பறந்துடுறார்.

நமக்கு விளக்குல விழுற விட்டில்னா அறியாமை. சூஃபிங்களுக்கு அதே விட்டில் தான் அன்போட உச்சம். ஏரன் வைஸ் அதோட நிக்காம பாட்ட ஒரு கேள்வில முடிக்கிறார், முழுசா நெருப்பாவே மாறிட்டா என்னன்னு. அந்தக் கேள்வி பழைய எகிப்து பாலைவனத்துல இருந்த அப்பா யோசேப்புங்கிற கிறிஸ்தவத் துறவி தன்னத் தேடி வந்தவர்கிட்ட சொன்னது. யாழ்ப்பாணத் தமிழ் பேசின ஒரு சூஃபி, எகிப்து துறவி, பிலடெல்ஃபியா ராக் பேண்ட், எல்லாம் ஒரே பாட்டுக்குள்ள.

அதே ஆல்பம் அல்லான்னு முடியுதே, அத எப்படி கிறிஸ்டியன்னு சொல்ல முடியும்?

கடைசிப் பாட்டோட பேரே அது தான், டூத் அண்ட் நெயில் தான் வெளியிட்டுச்சு. அரபு பேசுற கிறிஸ்தவங்களும் தேவன அல்லான்னு தான் கூப்பிடுறாங்க, அவங்க பைபிள்லயும் அதான். ஆனா இத வச்சு நான் தப்பிச்சுக்க மாட்டேன், ஏன்னா மேல சொன்ன வீட்டுல அந்த வார்த்தைக்கு சூஃபி அர்த்தமும் உண்டு, ஏரனுக்கு அது அப்பா அம்மா சொல்லிக் கேட்ட பேர். அவர் இயேசுவப் பத்தி மனசாரப் பாடினவர், 'எ ஸ்டிக், எ கேரட் அண்ட் ஸ்ட்ரிங்' கேளுங்க, முன்னணைல பாலகன் பொறந்தத சுத்தி நின்ன மிருகங்க கண்ணால பாக்குற பாட்டு, அதுவும் இதே ஆல்பம். பெத்தவங்க ஜெபத்தையும் தன் ஜெபத்தையும் ஒரே ஆல்பத்துல வச்ச புள்ளைய வெளிய நிறுத்த எனக்கு கை வரல. உங்களுக்கு அது ஒத்துக்கலன்னா அந்த ஒரு பாட்ட விட்டுடுங்க, நான் சண்டைக்கு வர மாட்டேன்.

ஜூலியன் பேக்கர் தன்பாலின ஈர்ப்புள்ளவங்கன்னு வெளிப்படையா சொன்னவங்க, அவங்க பாட்ட யூத் மீட்டிங்ல போடலாமா?

நான் போட்டேன். 2015ல வந்த 'ஸ்ப்ரெய்ன்ட் ஆங்கிள்'ல 'ரிஜாய்ஸ்'னு ஒரு பாட்டு, ஒரு கிட்டார், ஒரு கொரல், அவ்ளோதான். போதைப் பழக்கம், செத்துப்போன ஃப்ரெண்டு, தேவன் இருக்கார்னு தான் நெனைக்கிறேன், நான் சந்தோஷப்பட்டாலும் பொலம்பினாலும் அவர் கேக்குறார்னு கடைசில கத்துறாங்க, அந்தக் கத்தல்ல கொரலே கிழியுது. சித்திக்கு எஸ்தர் புஸ்தகத்த நான் சொன்ன மாதிரி பசங்களுக்கு 88ஆம் சங்கீதம் வாசிச்சேன், பொலம்பலா ஆரம்பிச்சு இருள்லயே முடியுற சங்கீதம் அது.

மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு ஒரு பொண்ணு வந்து பாட்டு பேர எழுதித் தரச் சொல்லி வாங்கிட்டுப் போனா. எதுக்குன்னு நான் கேக்கல. போடலாமான்னு யார் கேட்டாலும் எனக்கு அந்தப் புள்ள முகம் தான் ஞாபகம் வருது.

இதெல்லாம் கேட்டு ஒனக்கு விசுவாசம் கூடுச்சா கொறஞ்சுச்சா? (அம்மா)

அம்மா, அத்தை மகன் போன வருஷம் நான் ஜெபம் பண்றதையே விட்டுட்டேன், ஒனக்குத் தெரியும். திரும்ப ஆரம்பிச்சதும் இந்தப் பாட்டுங்க வழியா தான், வாயத் தெறந்து பேசத் தெரியாதப்போ இவங்க பேசினது எனக்காகவும்னு இருந்துச்சு. கூடுச்சா கொறஞ்சுச்சான்னு அளக்கத் தெரியல, ஆனா முன்னாடி மாதிரி மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வாய்ல ஒண்ணு சொல்றதில்ல.

போன தடவ நாகர்கோவில் பக்கம் தாத்தா தோப்புக்குப் போனப்போ சாயங்காலம் ஓலையும் மட்டையும் கூட்டி எரிச்சாங்கல்ல, எருக்குழில இருந்து காண்டாமிருக வண்டு ஒண்ணு ரெண்டு வெளிச்சத்துக்கு வந்துச்சு. அப்பத்தான் போன்ல 'கிங் பீட்டில்' போட்டு வரிக்கு வரி ஒனக்குத் தமிழ்ல சொன்னேன். புரொஃபசர் வண்டு வந்தப்போ சிரிச்ச. ராஜா நெருப்புக்குள்ள போனதுக்கு ஒண்ணும் சொல்லல. அப்பா போயி அப்போ நாலு வருஷம். கொஞ்ச நேரம் தீயையே பாத்துட்டு, அந்த ராணி அப்புறம் என்ன பண்ணான்னு கேட்ட. பாட்டுல அது வரலம்மான்னேன். எங்க, அவ வர்ற எடத்த இன்னொரு தடவ போடுன்ன.